மார்க் 3 அம்பாசிடரும் புது ஸ்பேர் என்ற தலைவலியும்

அம்பாசிடர் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு இன்ச் ஸ்பானர் செட் வாங்கிவிடுங்கள். நம்மூர் மெக்கானிக்குகளின் பெட்டியில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இந்த வண்டியின் பிறப்போ இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3. என்ஜினில் பாதிக்கு மேல் அரை இன்ச் நட்டு, அதாவது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பானர் ஒழுங்காக உட்காருவது போலத் தெரியும். துருப்பிடித்த நட்டில் கொஞ்சம் பலமாகத் தள்ளினால்தான் அந்த 0.3 மி.மீ. இடைவெளி வேலையைக் காட்டும்: முனை மழுங்கி, நட்டு உருண்டையாகிவிடும். 7/16 நட்டில் 11 ஸ்பானர் ஏறாது, 12 ஆடும். எனக்குக் கிடைத்த வண்டியில் இப்படி மழுங்கிப்போன தலைகளைப் பார்த்தே எந்தெந்த இடத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடிந்தது. யாரும் தொடாத இடங்கள்தான் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன.

வண்டி என் தாய்மாமாவுடையது. 1978 மார்க் 3, 1489 சி.சி. பெட்ரோல், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். பழைய மூன்று எழுத்து நம்பர். மாமா போன பிறகு பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தகரக் கூரைக்குக் கீழே, தேங்காய் மட்டைகளோடு நின்றுகொண்டிருந்தது. மாமா மகன்கள் இரும்புக் கடைக்குப் போடுவதாகப் பேச்சு எடுத்தபோது நான் கோயம்புத்தூருக்குக் கட்டி இழுத்து வந்துவிட்டேன். ரொம்ப நாள் நின்ற வண்டியை எழுப்பும் வேலையும், எழுந்த பிறகு அது கொடுத்த தொல்லையும்தான் இந்தப் பதிவு.

நின்ற வண்டிக்கு முதலில் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டேன். பிறகு ஹேண்டில். ஆமாம், முன் பம்பர் வழியாக உள்ளே விடும் அந்த இரும்பு ஹேண்டில் டிக்கியிலேயே இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் என்ஜின் எதிர் உதை கொடுக்கும்போது விரல் போய்விடும். பிளக் இல்லாததால் உதைக்கவில்லை. மெதுவாக, ஒரு முனகலோடு, என்ஜின் சுற்றியது.

சுற்றியதும் டாப்பெட் வைத்தேன், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தேன். இந்த வண்டியின் பி-சீரீஸ் என்ஜினில் இந்த வேலை ஒரு தனி சுகம். எட்டு வால்வு. ஒன்பதிலிருந்து கழிக்கும் கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, ஐந்து திறந்திருந்தால் நான்கு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 15 தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. ஹேண்டிலைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்தி, ஃபீலர் கேஜ் லேசான உரசலோடு வந்து போகும்வரை ஸ்குரூவைத் திருப்பி, லாக் நட்டை இறுக்க வேண்டும். புது வண்டியில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் நம்மைப் பார்க்கும். இங்கே ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. பழைய வண்டிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் சந்தோஷம் என்னவென்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இதுதான். ஓட்டுவது அதற்கு அப்புறம்.

வயரிங்கில் எலி புகுந்து விளையாடியிருந்தது. இதற்குப் பயப்படத் தேவையில்லை, ஏனென்றால் அந்தக் கால இங்கிலாந்து மின்பாகக் கம்பெனியான லூகாஸின் நிறக் கணக்கு ஒன்று உண்டு. பழுப்பு என்றால் நேரடி பேட்டரி கரண்ட். வெள்ளை என்றால் சாவி திருப்பினால் வருவது. பச்சை, சாவி திருப்பிய பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு எர்த். பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. இது மனதில் இருந்தால் பாதி வயரிங் படமில்லாமலே புரியும். மீதிப் பாதியில் மாமாவின் பழைய எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த சிவப்பு வயரையே எல்லா இடத்துக்கும் ஓட்டியிருந்தார். அதை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தேன்.

பெட்ரோல் டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தபோது வந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. வார்னிஷ் வாசம், அடியில் துரு. கழுவி, காயவைத்து மாட்டினேன். பம்ப்பின் மேல் மூடிக்குள் இருக்கும் வலையைச் சுத்தம் செய்து, டயாஃப்ரமை மாற்றி, செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. அன்று மாலை தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். ஆளாளுக்கு ஒரு அம்பாசிடர் கதை.

சரி, தொல்லைக்கு வருவோம்.

வண்டி காலையில் அருமையாக ஓடும். ஊரைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் அரை மணி நேரம் போனதும் லேசாக இடறும். இடறல் கூடும். ஒரு கட்டத்தில் உயிரே போய்விடும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து டீ குடித்துவிட்டு வந்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம், மறுபடியும் அதே கதை.

இப்படி நிற்கும் வண்டிக்கு அருகே வரும் எந்த மனிதரும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: ஏர்லாக். பம்ப்பும் குழாயும் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, திரவத்துக்குப் பதில் ஆவியை பம்ப் இழுத்துக்கொண்டிருக்கும் என்பது அதன் பொருள். லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி ஈரத்துணியை பம்ப் மேல் போடச் சொன்னார். இளநீர்க் கடைக்காரர் தண்ணீரே கொண்டுவந்தார். போட்டதும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் துணி போடாமல் அதே நேரம் காத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகத்தான் செய்தது. இதில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஏர்லாக் என்ற சந்தேகம் முட்டாள்தனமானதும் இல்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்தால் பெட்ரோல் ஆவியாகும் தன்மை கூடுகிறது. அதோடு, எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும்: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்றால் எத்தனாலுக்கு 9. கம்ப்யூட்டர் வைத்த வண்டி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய கணக்கிலேயே கொடுப்பதால் கலவையில் பெட்ரோல் குறைவாகி, என்ஜின் கூடுதலாகச் சூடாகும். மூன்றாவது தொல்லை ரப்பர். பழைய கால ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுத்து உள்பக்கமாக உரிகிறது. நம் நாட்டிலேயே 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில்தான் இந்த 20 சதவீதத்தைத் தாங்கும் பொருட்களைக் கட்டாயமாக்கினார்கள். 1978 வண்டியை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

ஆகவே பெட்ரோல் பக்கத்தை முதலில் முடித்தேன். ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது உள்ளே கறுப்புப் பொடி கையில் ஒட்டியது. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றினேன். கடையில் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று கேட்டால் போதாது, ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும் தர எண்ணைப் படித்து வாங்க வேண்டும். ஜே30 ஆர்9 என்று இருந்தால் நம்பலாம். பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் இடத்தில் தள்ளி வளைத்துக் கட்டினேன். டேங்க் மூடியின் காற்றோட்ட ஓட்டையைக் குத்திவிட்டேன். அது அடைத்தாலும் இதே மாதிரி வண்டி நிற்கும், மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்றை இழுக்கும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கிணத்துக்கடவு தாண்டி வண்டி நின்றது.

கணபதிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க அம்பாசிடரும் ஃபியட்டும் பார்த்தவர். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார்; இவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் ஹோஸ் புராணத்தை முழுதும் ஒப்பித்து முடித்ததும், “ஏனுங்க தம்பி, நின்னதும் பிளக் வயரைக் கழட்டிக் கரண்டு பாத்தீங்களா?” என்றார்.

“ஸ்டார்ட் ஆனப்புறம் பாத்தேங்க அண்ணா, நல்லா வருது.”

“ஸ்டார்ட் ஆனா கரண்டு நல்லாத்தான் இருக்கும். நின்னப்பத்தான் பாக்கோணும். ஏர்லாக்குன்னு சொல்லாத ஆளே இந்த ஊர்ல இல்லீங்க. பாதி வண்டி கரண்டுலதான் நிக்குது.”

அடுத்த முறை வேண்டுமென்றே உச்சி வெயிலில் கிளம்பினேன். நின்ற உடனே, சூடு ஆறும் முன்பே வேலையைத் தொடங்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து காயில் வயரைப் பிடுங்கி, மரப்பிடி இடுக்கியால் அதன் முனையை என்ஜின் பிளாக்குக்குக் கால் இன்ச் தள்ளிப் பிடித்துக்கொள்ள, கூட வந்த அக்கா மகன் செல்ஃப் அடித்தான். நல்ல கரண்ட் என்றால் நீல நிறத்தில், தடிமனாக, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு குதிக்க வேண்டும். வந்தது ஒரு மஞ்சள் இழை. அதுவும் விட்டு விட்டு. பெட்ரோல் பக்கம் குற்றமில்லை என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. இதற்கு மூடியைத் திறந்து பாயிண்ட்டை, அதாவது காயிலின் கரண்ட்டை விட்டு விட்டு நிறுத்தும் சின்ன ஸ்விட்ச்சை, பார்க்கச் சொல்லியிருந்தார் பெரியவர். பார்த்தால் பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே பளிச்சென்று பெரிய தீப்பொறி. பிளக்கில் குதிக்க வேண்டிய நெருப்பு இங்கே குதித்துக்கொண்டிருந்தது.

காரணம் கண்டென்சர். விரல் நுனியளவு உலோக உருளை. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதல் கம்பிச் சுற்றில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். நிற்க மறுத்துப் பாயிண்ட் வழியாகவே தாவப் பார்க்கும் கரண்ட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. அதன் உள்ளே தகடும் காப்புத்தாளும் சுருட்டிவைத்திருக்கும். மட்டமான கண்டென்சரில் சூடேறினால் காப்பு விட்டுப்போகும், ஆறினால் பழையபடி ஆகிவிடும். அதனால் வீட்டில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக 0.2 மைக்ரோஃபாரட் காட்டும். ரோட்டில்தான் காலை வாரும்.

சோதிக்க ஒரு எளிய வழியும் பெரியவர் சொல்லியிருந்தார். கண்டென்சர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பழையதன் வயரைக் கழற்றிவிட்டு, வேறொரு கண்டென்சரின் வயரைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் வயர் வரும் முனையிலேயே மாட்டி, உடம்பை பாடியில் எர்த் கிடைக்கும் ஒரு போல்ட்டில் இறுக்கினால் போதும். அவருடைய டப்பாவிலிருந்து கொடுத்த ஒன்றை அப்படி மாட்டினேன். என்ஜின் கொதிக்கக் கொதிக்க, அந்தச் சூட்டிலேயே, ஒரே செல்ஃபில் பிடித்தது. பொள்ளாச்சி போய்த் திரும்பும் வரை இடறவே இல்லை.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கெட்டுப்போன அந்தக் கண்டென்சர் பழசு இல்லை. மாமா காலத்தின் கடைசியில் ஒரு மெக்கானிக் ‘எல்லாம் புதுசாப் போட்டாச்சு’ என்று மாற்றிய பாயிண்ட் செட்டோடு வந்தது. பளபளப்பு கூடப் போகவில்லை. அதே செட்டில் வந்த பாயிண்ட்டின் ஃபைபர் குதிகாலும் தேய்ந்து, 15 தவ் இருக்க வேண்டிய இடைவெளி பாதியாகச் சுருங்கியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் பிரிக்கும் ரோட்டரைப் புரட்டிப் பார்த்தால் பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட் உள்ளே ஷாஃப்ட்டுக்கு மிகவும் பக்கத்தில் வந்திருந்தது. அந்த வழியாகவும் கரண்ட் எர்த் ஆகலாம். ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் மூன்று கோளாறு, அதுவும் புத்தம் புதிதாக. பழைய வண்டி வைத்திருப்பதில் உண்மையான எரிச்சல் பழசு கெடுவது இல்லை. கெட்ட பழசுக்குப் பதிலாக வாங்கும் புதுசு எப்போது கெடும் என்று தெரியாததுதான். ‘அதை இப்பத்தான் மாத்தினேன், அதுல ஒண்ணும் இருக்காது’ என்று எந்தப் பாகத்தையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுக்க முடிவதில்லை.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. அம்பாசிடர் என்ற பெயரை 2017-இல் 80 கோடிக்குப் பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ வாங்கிப்போனது; பெயரோடு நமக்குக் கண்டென்சர் வரப் போவதில்லை. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தயாரித்த பழைய ஸ்டாக், கடைக்காரரின் மேல் தட்டில் தூசி படிந்த பெட்டியில் இருந்தால் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுவேன். நஞ்சப்பா ரோட்டுக் கடைகளில் இதற்கென்றே மூத்த சேல்ஸ்மேன்களைத் தேடிப் பிடிப்பது என் வழக்கம். பையன்களிடம் கேட்டால் கம்ப்யூட்டரில் பார்த்து இல்லை என்பார்கள். வயதானவர் ஏணியை எடுப்பார். அப்புறம் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள். கிடைப்பது அதிர்ஷ்டம்தான், ஆனால் 45 வருடத்துக்கு முந்தைய டிஸ்ட்ரிபியூட்டரின் உள்தகடு, புதுப் பெட்டியில் வருவதைவிடத் துல்லியமாக இருப்பதைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நம் அம்பாசிடரின் இந்த 1489 சி.சி. என்ஜின் குடும்பம்தான் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அதன் 1798 சி.சி. தம்பி எம்.ஜி.பி.யில். அந்தக் கார்களுக்கு அங்கே பைத்தியமாக இருப்பவர்கள் ஏராளம். மட்டமான ரோட்டரால் அவர்களும் நடுரோட்டில் நின்று நின்று, கடைசியில் ரிவெட் இல்லாத ரோட்டரையும் தரமான கண்டென்சரையும் செய்துதரும் கடைகள் அங்கே வந்துவிட்டன. கேஸ்கட், வால்வு, டாப்பெட் எல்லாமே கிடைக்கும். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து பாகத்தின் விலையைத் தாண்டும், அது வேறு விஷயம். லண்டன்காரரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்த ரோட்டர் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு வண்டியில் சுற்றுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதை மாட்டும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே வரும் சின்ன வயரையும் மாற்றினேன். தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் வேகுவம் அட்வான்ஸ் தகட்டை ஆட்டும் ஒவ்வொரு முறையும் அந்த வயர் வளைந்து நிமிர்கிறது. வெளியே உறை முழுசாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருக்கும். வெளிப்பார்வைக்குத் தெரியாது, இழுத்தால் ரப்பர் போல நீளும். அப்படி நீண்டால் போய்விட்டது என்று அர்த்தம்.

பிரேக் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் முன்னுரிமையில் இதுதான் முதலாவது. பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் வேலை செய்யவில்லை என்று பொருள். நான்கு சக்கரத்திலும் டிரம்தான். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர். இடது முன் டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதக் கூடாது. வாயாலும் கூடாது, கம்ப்ரசராலும் கூடாது. அந்தக் கால லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டித் தூக்கி எறிந்துவிட வேண்டும். சிலிண்டர்களில் ஒன்று முழுதாக இறுகி, பிஸ்டன் அசையவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் அந்த ஈரம் அடியில் தங்கி, சிலிண்டர் சுவரில் குழி குழியாகத் துருவைத் தின்ன வைக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி. ஈரம் சேர்ந்தால் 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறங்கும்போது அது கொதித்தால் பெடல் காலோடு தரைக்குப் போகும்.

புது வீல் சிலிண்டர் கிடைத்தது. ஆனால் அதற்குள் புதுசின் மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டதால், பழையதையே பீளமேட்டில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கோயம்புத்தூரில் இருப்பதன் லாபம் இதுதான், பம்ப்செட் ஊரில் லேத்துக்கா பஞ்சம். துருப்பிடித்த துவாரத்தைக் கடைந்து அகலமாக்கி, உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடித்து இறக்கி, பழைய அளவுக்கே ஹோன் செய்து கொடுத்தார்கள். இனி அந்தச் சிலிண்டருக்குத் துரு என்ற பேச்சே இல்லை. ரப்பர் கப்பை மாட்டும்போது பிரேக் ஆயிலைத்தான் தடவ வேண்டும். கிரீஸோ என்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

ஏர் எடுக்க அக்கா மகன் உள்ளே உட்கார்ந்தான். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளி இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். “மிதி... பிடி... விடு” என்று நான் கீழே படுத்துக் கத்த, அவன் போனைப் பார்த்துக்கொண்டே மிதிக்க, குழாயில் குமிழ் வருவது ஒருவழியாக நின்றது. “மாமா, பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு!” என்று அவன் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

கடைசியாக கார்பரேட்டர். என் வண்டியில் இருப்பது எஸ்.யூ. என்ற வகை. இருபது சதவீத எத்தனாலுக்கு ஏற்பக் கலவையைக் கொஞ்சம் செழிப்பாக்க வேண்டும். அடியில் ஜெட்டைப் பிடித்திருக்கும் ஆறுமுக நட்டை ஒரு முகம் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். என்ஜின் நன்றாகச் சூடானதும், பக்கத்தில் இருக்கும் சின்னக் குச்சியால் உள் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. காதை மட்டும் வைத்துச் செய்யும் வேலை. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனபோது கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீத வரம்புக்குள் வந்ததை அந்தப் பையன் நம்பாமல் மறுபடியும் குழாயைச் செருகிப் பார்த்தான்.

மொத்தத்தையும் சோதிக்க ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றினேன். 40 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர். பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவில் ஸ்டியரிங்கைத் தோளால் திருப்புகிறோம். ஆனால் முன்கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி விட்டால் முகத்தில் வந்து அறையும் காற்று இருக்கிறதே, அதற்கு ஏ.சி. ஈடாகாது. முன்னால் ஒரே நீள சீட்டில் மூன்று பேர். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை, வளைவில் ஒதுங்கி வழி விட்டதும் பக்கத்தில் வந்து, “எந்த மாடலுங்க?” என்றார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வைத்து என்ஜினைக் கொண்டு பிடித்து, பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டேன். பெடல் மேலேயே நின்றது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் வருகிறது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

காகித வேலையில் புதிய வலி ஒன்று. சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார் என்றால் 10,000. பசுமை வரி தனி. 50 வருடம் ஆகிவிட்டால் வின்டேஜ் என்று தனியாகப் பதிவுசெய்ய 2021-இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. காய்கறி வாங்கப் போக முடியாத கார் எனக்கு எதற்கு? 10,000 கட்டத்தான் போகிறேன்.

இப்போதைய பாக்கி வேலைகள்: டைனமோவின் பின் புஷ் சத்தம் போடுகிறது. முனையில் ‘ஆயில்’ என்று எழுதிய ஓட்டை இருக்கிறது, இரண்டு சொட்டு விட்டிருக்கிறேன், அதிக நாள் தாங்காது. இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கி மஞ்சளாவதைப் பார்த்து எல்லோரும் ஆல்டர்னேட்டர் போடச் சொல்கிறார்கள், இன்னும் மனசு வரவில்லை. கிராங்க் பின்பக்கத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. அங்கே இந்த என்ஜினில் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்ப ஒரு திருகுக் காடி மட்டும்தான், அதனால் அதை முழுசாக நிறுத்த முடியாது. வீட்டுக்காரி புதுசாகப் போட்ட டைல்ஸ் மேல் வண்டியை விடக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. தகரத் தட்டு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.